வெறும் போசி

என் பொறுமையைப் பற்றி எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று எனக்கு இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் நான் இல்லை, என் வீட்டுக்காரர். இருபத்தாறு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்து நாலு பேரை மேய்த்துப் பழகிய மனுஷனை, மில்லை மூடி வீட்டுக்கு அனுப்பினால் அவர் வீட்டில் யாரை மேய்ப்பார்? என்னைத்தான்.

சிங்காநல்லூரில் எங்கள் தெருவில் எனக்கு மாவுக்காரம்மா என்றுதான் பெயர். பழனாத்தாள் என்பது ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிற பெயர். மில் மூடிய மறு மாதமே என் வளையல் இரண்டை விற்று ஒரு பெரிய கிரைண்டர் வாங்கிப் போட்டேன். மத்தியானம் அரைத்து, சாயங்காலம் நாற்பது கவர் இட்லி மாவு விற்பேன். கவர் ஐந்து ரூபாய். அதில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது, பையன் சுரேந்தர் பாலிடெக்னிக் படித்தான். என் வீட்டுக்காரர் லட்சுமணசாமிக்கு அந்த வியாபாரத்தில் ஒரே ஒரு வேலை, கவரின் வாயை முறுக்கிச் சிவப்பு ரப்பர் பேண்டு போடுவது. அதை மட்டும் சும்மா சொல்லக்கூடாது, நன்றாகச் செய்வார். கவரைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு ஒழுகாது.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் மழை மூன்று நாள் விடாமல் ஊற்றியது. மூன்றாம் நாள் காலையில் சாக்கடை பொங்கித் தெருவுக்கு ஏறிவிட்டது. தாழ்வான கடைசி வீடு ஆமினா பீவியுடையது. அவர்கள் சமையலறையில் முழங்கால் தண்ணீர், அரிசி மூட்டை அடியில் ஊறிப் போய்விட்டது. கார்ப்பரேஷன் ஆள் ஒருவர் வந்து கம்பியை விட்டுக் குத்திக் குத்தி, அடைப்பை வாரி வாரி வெளியே போட்டார். தெருவே சுற்றி நின்று பார்த்தது. பார்த்தால் எல்லாம் கவர். எங்கள் கவர். அடிமூலையைக் கத்தரித்து மாவைச் சட்டியில் பிதுக்கிவிட்டு அப்படியே வீசியிருக்கிறார்கள், சிவப்பு ரப்பர் பேண்டு போட்ட முடிச்சு அவிழாமல் இருக்கிறது.

"எந்தப் புண்ணியவானோ நல்லா இறுக்கிக் கட்டியிருக்கறானுங்க" என்றார் அந்த ஆள்.

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. ஆமினா பீவி எங்களைப் பார்த்து, "மழைக்கு யாருங்க என்ன பண்ண முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு முறத்தில் ஈர அரிசியை அள்ளப் போய்விட்டார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. என் வீட்டுக்காரர் கொஞ்சம் வருத்தப்பட்டு, ராத்திரி சோறு தின்று, மறுநாள் மறந்திருப்பார். திட்டாததால் மனுஷனுக்கு அது உள்ளே இறங்கிவிட்டது.

"பழனாத்தா, இனிமேலு நம்ம ஊட்டுல பிளாஸ்டிக் ஆகாது" என்றார் வீட்டுக்குள் நுழைந்ததும்.

சரி, ஏதோ ஒரு வேகம், இரண்டு நாளில் அடங்கும் என்று நினைத்தேன். மனுஷன் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷத்தில் அவர் அங்கே இவ்வளவு நேரம் நின்றதே இல்லை. கடுகு டப்பா, சீரக டப்பா, சர்க்கரை வைத்திருந்த பழைய ஊறுகாய் ஜாடி, டீ வடிகட்டி எல்லாம் சாக்குக்குள் போயின. நான் கழுவிக் காய வைத்து அடுக்கி வைத்திருந்த பால் கவர் கட்டு போயிற்று. கடுகும் சீரகமும் மிளகும் காகிதத்தில் கொட்டிக் கிடந்தன. தண்ணீர்க் குடத்தில் கை வைத்தபோதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க, அந்தக் கொடத்தத் தொட்டீங்கன்னா நான் இப்பவே தாராபுரம் எங்கம்மா ஊட்டுக்குப் பஸ் ஏறிப்போடுவன். பித்தளைக் கொடத்துல பைப்புத் தண்ணி புடிச்சு இடுப்புல வெச்சுட்டு வாரது நீங்களா, நானா?"

குடம் தப்பித்தது. கவர் தப்பவில்லை. இனி மாவு வேண்டுமென்றால் அவரவர் பாத்திரம் கொண்டு வரவேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டிவிட்டார். அரைக்கிறது நான், உளுந்துக்கு வழி பார்க்கிறது நான், முதுகு உடைகிறது எனக்கு. சட்டம் போடுகிறது அவர். அன்றைக்கு இருபத்திரண்டு பேர் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போனார்கள். வேறு மில்களில் ஷிப்டு விட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வருகிறவர்கள் கையில் பாத்திரம் எங்கிருந்து வரும்? மிச்ச மாவை நாங்கள் இரண்டு நாள் புளிக்கப் புளிக்கத் தோசை ஊற்றித் தின்றோம்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் மேஸ்திரி மூளை சும்மா இருக்குமா? மில் செட்டில்மெண்டில் கடைசியாக மிச்சமிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் பக்கம் போனவர், ஒரு ஆட்டோ நிறைய எவர்சில்வர் தூக்குப்போசியோடு வந்து இறங்கினார். மூடியும் பிடியும் வைத்த, ஒரு படி கொள்ளும் போசி, நாற்பது. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நாற்பது வரை நம்பர் வெட்டியிருந்தார். வாசல் திண்டுக்கு மேலே ஒரு நீளப் பலகை அடித்து அதில் நாற்பது ஆணி. ஆணிக்கு மேலேயும் நம்பர்.

"மில்லுல பாபின் எப்படி? நூலு சுத்தி நெறைஞ்சு போவுது, காலியாத் திரும்பி வருது. எவனாச்சும் பாபினக் குப்பையில வீசறானா? நம்ம போசியும் அப்படித்தான். மாவோட போகும், மறுநா காலியா வந்து ஆணியில தொங்கும்" என்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. அதிலிருந்த ஓட்டையை அன்றைக்கு நானும் பார்க்கவில்லை, அதனால் அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. நானும் இந்தச் சீமையில்தானே பிறந்து வளர்ந்தேன்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

முதல் நாள் நாற்பது போசியும் போயின. பெண்களுக்கு ஒரே சந்தோஷம். புதுப் பாத்திரம் பளபளவென்று இருந்தது. மறுநாள் சாயங்காலம் நாற்பது ஆணியில் மூன்றுதான் நிறைந்தது. அந்த மூன்றும் காலியாக வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டோம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது, நாலு வெங்காயமாவது போட்டுத்தான் தருவோம். கழுவி வெறும் பாத்திரமாக நீட்டினால், உங்கள் உறவு எங்களுக்கு இதோடு போதும் என்று சொல்கிற மாதிரி. கவருக்கு அந்த வம்பு கிடையாது, வீசிவிட்டுப் போய்விடலாம். போசி அப்படியா? எதிர்வீட்டுச் சின்னத்தாயி நாலாம் நம்பர் போசியில் கோழிக் குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். ஆமினா பீவி தேங்காய்ப்பால் சோறு அனுப்பியிருந்தார். இன்னொரு வீட்டிலிருந்து கொள்ளுப் பருப்பு.

"எதுக்குங்க இதெல்லாம், போசி மட்டும் போதுமுங்களே" என்றேன் சின்னத்தாயியிடம்.

"அதெப்படிங்கக்கா வெறும் போசியக் குடுக்கறது. புதுப் போசி வேற" என்றாள்.

கோழிக் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினை. வாசலில் நின்று என் வீட்டுக்காரர் அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மெச்சினார். சின்னத்தாயி வீட்டிலிருந்து கோழி போயிருக்கிறது என்று தெரிந்த பிறகு எவள் நாலு வெங்காயத்தோடு வருவாள்? ஒருத்தி பருப்புப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டாள். அவளுக்கு அடுத்த வீட்டுக்காரி வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். வசதியும் நேரமும் இருந்தவர்கள் இப்படி. மற்றவர்கள் நோம்பி, பண்டிகைக்குப் பலகாரம் செய்கிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று போசியைச் சமையலறை அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டார்கள்.

வந்த பண்டமாவது வீட்டுக்கு ஆகுமா? பையன் ஹாஸ்டலில் இருந்தான், வீட்டில் நாங்கள் இரண்டே பேர், எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. ஒரே நாளில் ஆறு வீட்டுக் குழம்பு வந்தால் எந்த வயிற்றில் ஊற்றுவது? குப்பை கூடாது, எதையும் வீணாக்கக் கூடாது என்று சட்டம் போட்ட மனுஷன் ஒரு நாள் விடியற்காலையில் ஒரு சட்டியை வேட்டித் தலைப்பில் மறைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன். ஊசிப்போன சாம்பாரையும் பொரியலையும் தெருநாய்க்கு முன்னால் கொட்டிக்கொண்டிருந்தார். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

"ஏனுங்க, கவரு வீசுனதுதான் பாவம். சோறு வீசுனாப் புண்ணியமுங்களா?"

"சித்தச் சும்மா இரு பழனாத்தா" என்றார். 

இதைவிடப் பெரிய கேடு ஒன்று நடந்தது, அது என் வாயாலேயே நடந்தது. கோழிக் குழம்பு கொடுத்த சின்னத்தாயி மறுநாள் மாவு வாங்க வருகிறாள். சுருக்குப் பையைத் திறக்கிறாள். அவள் வீட்டுக் கோழி இன்னும் என் வயிற்றில் இருக்கிறது, அவளிடம் ஐந்து ரூபாய்க்கு எப்படிக் கை நீட்டுவது? "அட, இருக்கட்டுங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன வாயை அப்புறம் நானே அடித்துக்கொண்டேன். ஒப்பிட்டுக்காரிக்கும் அப்படித்தான். கச்சாயத்துக்கும் அப்படித்தான். ஒரு வாரத்தில் ஏழு வீட்டுக்கு நான் சும்மா மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். கவரில் விற்றவரை அவர்கள் எனக்கு வாடிக்கை, அவ்வளவுதான். போசி போக வர ஆரம்பித்ததும் எல்லாரும் சொந்தபந்தம் மாதிரி ஒறம்பரை ஆகிவிட்டார்கள். ஒறம்பரையிடம் வியாபாரம் பண்ண முடியுமா?

இது ஏழு வீட்டுக் கதை. மிச்சப் பேர் வரவே இல்லை. பதினைந்தாம் நாள் பார்த்தால் சாயங்காலம் வந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர், அதில் ஏழு பேர் சும்மா வாங்கிப் போகிறவர்கள். உளுந்துக் கடைக்காரர் இரண்டு முறை ஆள் விட்டுவிட்டார். சுரேந்தருக்குப் பரீட்சைப் பணம் கட்டக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. கிரைண்டர் பாதி நேரம் சும்மா நின்றது. இப்படியே இன்னும் பதினைந்து நாள் போனால் கிரைண்டரையும் விற்க வேண்டியதுதான், அதற்குப் பிறகு விற்க என்னிடம் வளையலும் இல்லை.

"எல்லாரும் எங்கீங்க போயிட்டாங்க?" என்று மறுநாள் காலையில் சின்னத்தாயியைக் கேட்டேன்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "பின்னால் தெருவு முக்குல புதுசா ஒரு கடை போட்டிருக்கறாங்கக்கா. கவருல குடுக்கறாங்க. இவங்க உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் சுத்திப் போறாங்க. உங்க போசி ஊட்டுல இருக்குது, இன்னும் ஒண்ணும் செஞ்சு போடல. போசியில்லாம உங்க மொகத்துல எப்படிங்க முழிக்கறது?"

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. என் போசியை வைத்துக்கொண்டு, என்னிடம் வர வெட்கப்பட்டுக்கொண்டு, இன்னொருத்தனிடம் கவரில் மாவு வாங்குகிறார்கள். சாக்கடைக்குக் கவரும் குறையவில்லை, எனக்குப் போசியும் இல்லை, வியாபாரமும் இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி எங்கள் வீட்டுத் திண்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, எந்திரிங்க. நாப்பது போசியும் இன்னைக்கு ஆணிக்கு வரோணும். இல்லாட்டி நாளைக்குக் காத்தால நான் கவரு வாங்கியாந்துருவன். பொறகு என்னையக் கேக்கப்படாது."

போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். கையில் ஒரு போசி கூட இல்லை. மூன்று வீட்டில் காப்பி குடித்திருக்கிறார்.

"போசியக் கேட்டீங்களா?"

"அதெப்படி புள்ள வாயத் தொறந்து கேக்கறது? அவங்களே குடுப்பாங்கன்னு உக்காந்திருந்தன்."

முன்னூறு பேரை வேலை வாங்கிய மேஸ்திரி. தலையில் அடித்துக்கொண்டு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். யார் வீட்டிலும் உட்காருவதில்லை, காப்பி குடிப்பதில்லை, வெறும் போசியைக் கையில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு போனேன்.

முதல் வீட்டில், "இருங்க, ஒரே நிமிசம், வெறும் போசி எப்படிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டாள். உப்புமா கிண்டி முடியும்வரை அங்கேயே நின்றேன். அடுத்த வீட்டில் வெங்காயம் நறுக்குகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த வீட்டுக்காரி என்னைக் கண்டதும் மகளைக் கடைக்கு ஓட்டினாள். வேண்டாமுங்க வேண்டாமுங்க என்று கத்திப் பார்த்தேன். எங்கள் பேச்சில் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டே வருவதால் கத்தினாலும் யாருக்கும் கோபமாகக் கேட்பதில்லை. மூன்று மணி நேரத்தில் ஐந்து போசி. சாக்கில் சூடான உப்புமாவும் குழம்பும் ஆடி வழிந்து என் புடவையெல்லாம் மஞ்சள்.

ஆறாவது வீடு முத்தாத்தாளுடையது. அவள் புருஷன் ராசப்பன், மில்லில் என் வீட்டுக்காரருக்குக் கீழே பாபின் கழற்றிக்கொண்டிருந்தவர். மில் மூடிய பிறகு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போகிறார் என்று கேள்வி. முத்தாத்தாள் என் பழைய வாடிக்கை. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கவர் தவறாமல் வாங்குவாள். முதல் நாள் பதினேழாம் நம்பர் போசியை வாங்கிக்கொண்டு போனவள், அப்புறம் எங்கள் தெருப் பக்கமே தலை காட்டவில்லை.

அவள் கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தாள். நான் சிரிக்கவில்லை. அத்தனை வீட்டுக்காரிகளிடமும் வைத்திருந்த ஆத்திரம் முழுக்க அவள் வாசலில்தான் வெடித்தது.

"அம்மணி, பதினாறு நாளாச்சுங்க. போசி இருக்குதா, இல்ல வித்துப்போட்டீங்களா?"

கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு அதைத் திருப்பி வாங்க முடியாது. அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. 

"இருங்கக்கா" என்று உள்ளே போனாள்.

உள்ளே அடுப்பு பற்ற வைக்கிற சத்தம் கேட்கவில்லை. ஏதோ ஒரு தகர டின்னைக் கவிழ்த்துத் தட்டுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மூடி இறுக்கிய போசியோடு வந்தாள். போசி நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரித் துலக்கியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா" என்றாள்.

வாங்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் சாக்கை இறக்கி, என் வீட்டுக்காரர் ஒவ்வொரு போசியாகத் திறந்து வைத்தார். உப்புமா, கேசரி, புளிக்குழம்பு. பதினேழாம் நம்பரைத் திறந்தவர் அப்படியே நின்றார். எட்டிப் பார்த்தேன். அரிசி. ரேஷன் புழுங்கல் அரிசி, கழுத்துவரை. மேலே டின்னின் அடியில் கிடக்கிற தூசியும் இரண்டு வண்டும் இருந்தன.

"யாரு ஊட்டுது?"

"ராசப்பன் ஊட்டுது."

"அவனுக்கு முதுகு புடிச்சு இருபது நாளாப் படுத்திருக்கறான்னு மார்க்கெட்டுல சொன்னாங்க" என்றார்.

"அத எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க கேடு உங்களுக்கு?" என்று சத்தம் போட்டேன். அவர் சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. யார்மேலாவது சத்தம் போட வேண்டும்போல இருந்தது. போசிக்காக நான் போய் நின்றேன், அவள் டின்னைத் தட்டி இருந்த அரிசியையெல்லாம் எனக்குப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் என்ன பொங்கினார்கள் என்று நினைக்கவே எனக்கு ஆகவில்லை.

அரிசியை அப்படியே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. கொடுத்ததைத் திருப்புவது, வெறும் போசியை நீட்டுவதைவிடப் பெரிய அவமானம். வைத்துக்கொள்ளவும் முடியாது.  கடைசியில் அதைப் புடைத்து, கழுவி, என் உளுந்தில் ஒரு பங்கு சேர்த்து ஊற வைத்து, சாயங்காலமே தனியாக அரைத்தேன். ஒரு படி அரிசி மாவாகும்போது ஒரு போசியிலா அடங்கும்? அதே பதினேழிலும் பெரிய சட்டி ஒன்றிலும் ஊற்றி, இரண்டையும் தூக்கிக்கொண்டு விளக்கு வைக்கிற நேரத்தில் போனேன். என் வீட்டுக்காரர் நானும் வருகிறேன் என்றார். நீங்கள் வந்தால் காப்பி போடச் சொல்லுவார்கள், இருங்கள் என்றேன்.

முத்தாத்தாள் போசியைத் திறந்து பார்த்தாள்.

"நீங்க குடுத்த அரிசிதானுங்க. அரைச்சுக் கொண்டாந்தேன்" என்றேன். 

அவள் மாவைத் தன் குண்டானில் ஊற்றிக்கொண்டே பேசினாள். "இத்தன நாளா உங்க தெருவுல வராம சுத்திச் சுத்திப் போனனுங்கக்கா. சின்னத்தாயக்கா கோழி வெச்சாங்கன்னு கேட்டன். இன்னொருத்தங்க ஒப்பிட்டாமா. நான் என்னத்தப் போட்டுக் குடுக்கறது? மொதல்ல கவருல வாங்கீட்டு இருந்தப்ப அஞ்சு ரூவாயச் சேத்துனாப் போதும், புள்ளைங்களுக்கு ரெண்டு வேளை ஓடிரும். கவரு நம்மள ஒண்ணும் கேக்காதுங்க. போசி ஊட்டுல வந்து உக்காந்துட்டுக் கேட்டுட்டே இருந்துச்சுங்க."

 என் வீட்டுக்காரர் பலகை அடித்தபோதும் நான் சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோதும், இப்படி ஒருத்தி வீட்டில் இந்தப் போசி என்ன பாடுபடுத்தும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சட்டியும் காலியாயிற்று. இரண்டையும் கழுவிவிட்டாள். சட்டியை ஓரமாக வைத்தாள். கழுவிய போசியைக் கையில் வைத்துக்கொண்டு, என்னிடம் நீட்டாமல், அடுப்படி அலமாரியைப் பார்த்தாள். அலமாரியில் என்ன இருந்தது என்று எனக்கும் தெரிந்தது. ஒரு உப்பு ஜாடி, கவிழ்த்து வைத்த டின்.

"வெறுமனே குடுங்க அம்மணி" என்று பிடியைப் பிடித்து இழுத்தேன்.

"அதெப்படிங்கக்கா" என்று அவள் விடவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் சனத்தின் மரியாதைமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் போசியை அங்கேயே நசுக்கிப் போட்டிருப்பேன். சும்மா இருக்கட்டும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று ஏழு வீட்டில் பார்த்துவிட்டேன். இவள் நாளைக்கும் அந்தப் பின்தெருவில்தான் சுற்றிப் போவாள்.

"அரைப்புக் கூலி ரெண்டு ரூவாங்க. அதப் போசியில போட்டுக் குடுங்க" என்றேன்.

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். உள்ளே போய்ச் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு இரண்டு ரூபாய்க் காசை எடுத்து வந்து போசிக்குள் போட்டாள். காசு எவர்சில்வரில் கலகலவென்று உருண்டது. மூடியைப் போட்டு இரண்டு கையாலும் நீட்டினாள். அந்தக் கைகளில் இப்போது கூச்சம் இல்லை, நேராக நின்று கொடுத்தாள்.

மறுநாளே வாசல் அட்டையைக் கழற்றி வேறு எழுத வைத்தேன். பண்டம் வேண்டாம், மாவுக்காசைப் போசியில் போட்டுக்கொண்டு வாருங்கள், நிறைந்த போசியை வாங்கிப் போங்கள். அரிசி கொண்டு வந்தால் கூலிக்கு அரைத்தும் தருவோம். சின்னத்தாயி ஒரு வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள், பிறகு அவளும் ஐந்து ரூபாயைப் போட்டு அனுப்பினாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் பாதிப் பேர் இன்னும் அந்தக் கவர்க் கடைக்குத்தான் போகிறார்கள், சாக்கடை இந்த வருஷமும் ஒருமுறை பொங்கியது. ஆனாலும் பொங்கலுக்குள் முப்பத்தோரு போசி ஓட ஆரம்பித்துவிட்டது. கிரைண்டரை விற்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் தன் பலகையால் நடந்ததென்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லித் தொலையட்டும்.

அன்றைக்கு அந்த இரண்டு ரூபாயோடு போசியை வாங்கிக்கொண்டு நான் படியிறங்கும்போது முத்தாத்தாள் பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

"என்ர மேல கோவம் போயிருச்சுங்களாக்கா?" என்று கேட்டாள்.

போசியை விற்றுவிட்டாயா என்று கேட்டவள் நான். இதைக் கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான். கூலி எவ்வளவு என்றெல்லாம் சொல்ல வந்த வாயில் அது மட்டும் வரவில்லை. போயிருச்சுங்க என்று சொல்லிவிட்டு இருட்டில் வீட்டுக்கு நடந்தேன்.